காற்று தள்ளிய விரல்

"கோடு நேராத்தானே நிக்குது? இன்னும் என்ன தடவிக்கிட்டு இருக்கே?"

என்ஜின் சக்கரத்தில் இருந்த டைமிங் கோட்டைக் காட்டிக் கத்தினார் கிளாக்கர் ஸ்ரீதரன். இலங்கையில் தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ரப்பர் பால் ஏற்றிய லொறி கிளம்பாமல் நிற்கிறது. தாங்கியில் பால் உறைந்துவிட்டால் விடியலிலிருந்து பால் வெட்டியவர்கள் பாடெல்லாம் வீண். தோட்டத்துத் துரை பிடிக்கப்போவது இவர் கழுத்தை. டவுன் கராஜில் நல்ல மெக்கானிக்காகக் கேட்டால், டிப்ளோமா முடித்தவள் என்று ஒரு பெண்ணை அனுப்பிவிட்டார்கள்.

"அந்தக் கோடு ரெண்டு தரம் நேரா வரும் சேர்," என்றாள் பிரேமலதா. "பிஸ்டன் காத்த அமுக்கிட்டு வர்ற தரத்துலதான் டைமிங் வைக்கணும். நேத்து யாரோ மத்த தரத்துல வச்சிட்டாங்க. அதான் படார் படார்னு வெடிக்குது."

முதல் பிளக்கைக் கழற்றினாள். ஹேண்டலைச் சுற்ற ஒருவர், ஓட்டையில் விரல் வைக்க ஒருவர் வேண்டும். ஸ்ரீதரன் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நைசாக ஒதுங்கினார். பால் வாளியோடு நின்ற சுப்பம்மாதான் மாட்டினாள்.

"அக்கா, இந்த ஓட்டைய கட்டவெரலால மூடிக்குங்க. காத்து வெரல தள்ளுனா சொல்லுங்க."

ஹேண்டலைச் சுற்றினாள்.

"இல்லம்மா... இன்னும் இல்ல... ஆ, தள்ளுது! தள்ளுது!"

பிரேமலதா மெல்லக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மாட்டி, பிளக்கைப் பூட்டிச் சாவியைத் திருகினாள். லொறி ஒரே உறுமலில் உயிர் பிடித்தது. சுப்பம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

ஸ்ரீதரன் ரிப்பேர் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார். "வேல செஞ்ச ரெண்டு பேரும் சைன் போடுங்க."

பேனாவைக் கண்டதும் சுப்பம்மா வாளியைத் தூக்கினாள். "எனக்கு மலையில வேல கெடக்குங்கய்யா..."

"போட்டுட்டுப் போ!"

பிரேமலதா முந்திக்கொண்டாள். பேனாவைத் தொடவேயில்லை. கிரீஸ் அப்பிய கட்டைவிரலை அப்படியே புத்தகத்தில் அழுத்தினாள்.

"ம்... நீங்க வைங்க அக்கா."

சுப்பம்மா பக்கத்திலேயே தன் விரலைப் பதித்தாள். பதித்ததை ஒருதரம் ஆசையாகக் குனிந்து பார்த்தாள். பிறகு மலை வழியாகப் போகும் அந்த லொறியிலேயே ஏறி, துரைசாணி கணக்காக நிமிர்ந்து உட்கார்ந்தாள். லொறி நகர்ந்தது.

ஸ்ரீதரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டிப்ளோமான்னு சொன்னாங்க! ஏம்புள்ள, அங்க கையெழுத்துப் போடக்கூடவா கத்துக் குடுக்கல?"

லொறி வளைவு திரும்பும்வரை பிரேமலதா அதையே பார்த்தபடி விரல் கிரீஸைத் துடைத்தாள்.

"நான் மூணு பாஷையிலயும் போடுவேன் சேர். அக்காவுக்குத்தான் ஒண்ணுலயும் வராது."