உறச்சுதோ?

"உறச்சுதோ?"

ஓவர்சியர் பஞ்சாபகேசன் கேட்டால் அது மண்ணைப் பற்றித்தான். வலியசாலை அருகே பள்ளிக்கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. தளம் போடுமுன், நிரப்பிய மண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். கல்லாக இறுகினால்தான் அவருக்கு அது உறச்ச மண். அவர் மனசும் அதே பதம்தான் என்பார்கள் கூலியாட்கள்.

"நல்லா உறச்சாச்சு ஏமானே," என்றான் மேஸ்திரி திரவியம்.

அவர் கடப்பாரையைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். மற்ற இடங்களில் ணங்கென்று துள்ளியது. கிழக்கு மூலையில் மட்டும் சதக்கென்று இறங்கியது.

"இன்னிக்கும் இதே மூலை! இங்கே இடிக்கறது யாருடா?"

"முத்தாரம்மாள், ஏமானே."

"நாளைக்கும் இறங்கித்துன்னா அவளை நிறுத்திடு."

அவர் போன பிறகும் தைல நெடி போகவில்லை.

"நெதமும் தைலம் தேச்சுக் குளிச்சிட்டு சாவகாசமா வாற மனுசனுக்கு நம்ம பாடு எங்க தெரியும்?" என்று முணுமுணுத்தான் திரவியம்.

முத்தாரம்மாள் திமிசுக் கட்டையை எடுத்து அந்த மூலையை மறுபடியும் இடிக்கத் தொடங்கினாள். அந்த வேலைதான் அவளுக்கும் மகனுக்கும் கஞ்சி.

மறுநாள் உச்சி வேளை. எல்லாரும் கஞ்சி குடிக்கப் போன நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் பஞ்சாபகேசன். கிழக்கு மூலையில் குழி தோண்டி, மகனை அதில் இடுப்பளவு இறக்கி நிறுத்தி, சுற்றிலும் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள் முத்தாரம்மாள்.

"என்னடி பண்றே?"

பதறிப்போய் அவர் காலடியில் விழுந்தாள். "மூணு வயசாச்சு ஏமானே, பயலுக்கு இன்னும் காலு உறச்சு வரல்ல. குழியில நிறுத்தினா உறைக்கும்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. இந்த மூலையிலதான் நெழலு. வேலையை மட்டும் எடுத்துராதேயும்."

பையன் குழிக்குள் நின்று கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் அவனையே பார்த்தார்.

"உறச்சுதோ?" குரல் தணிந்திருந்தது.

"இப்பம் கையைப் பிடிச்சா நிக்கான், ஏமானே."

அவர் திரும்பி நடந்தார். வேலை போயிற்று என்று அன்று முழுக்க அழுதாள் அவள்.

மறுநாள் காலையில் ஓவர்சியரின் வில்வண்டி வந்து நின்றது. விரட்டும் முன்னே போய்விடலாம் என்று மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள் முத்தாரம்மாள்.

"எங்கேடி போறே? அந்த மூலையைக் கடைசியா இடிச்சாப் போறும். பக்கத்திலே இன்னொரு குழி தோண்டு," என்ற பஞ்சாபகேசன், வண்டிக்குள்ளிருந்து தன் மகள் சூடாமணியைத் தூக்கிக்கொண்டு வந்தார், தைலம் மினுங்கிய அவள் கால்கள் துவண்டு தொங்கின.