ஆல்டர்சன் வீட்டு ஆந்தை

“ஆல்டர்சன் கிழவன் துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்தான்னா எல்லாரும் சுவருக்குப் பின்னால குந்திக்கோங்க” என்றார் டெரெக். யாரும் சிரிக்கவில்லை.

ஆல்டர்சன் பண்ணைக்கு ஏறும் சந்தில், இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே பனி நெஞ்சளவுக்கு அடைத்துக் கிடந்தது. பறவை பார்க்கும் சங்கத்தார் பன்னிரண்டு பேர், கழுத்தில் தொலைநோக்கி தொங்க, காலை ஒன்பது மணியிலிருந்து அதை மண்வெட்டியால் அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஓர் ஆந்தைக்காக. பண்ணைக்காரரின் மகள் ரூத் நேற்று, செவ்வாய்க்கிழமை, சங்கத்துக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். ‘எங்கள் மேல்வயல் சுவரில் பனி ஆந்தை. முழு வெள்ளை. மூன்று நாளாக இடம்விட்டு அசையவில்லை. பாதை அடைத்திருக்கிறது, மண்வெட்டி கொண்டுவரவும்.’

எந்த வாரம் எந்தப் பறவையை யார் பார்த்தார் என்று பதிவேடு எழுதுகிறவர் கிளிஃபர்ட். நாற்பத்தொரு வருடப் பதிவேட்டில் பனி ஆந்தை ஒரு தடவைகூட இல்லை. இந்த உறைபனி வாரத்தில் அவர் எழுதியதே, ஓடை உறைந்து பட்டினியில் செத்த இரண்டு மீன்கொத்திகளைத்தான்.

ஆந்தை உண்மை என்றால் அவர் ஆயுசுக்கும் அது போதும். பொய் என்றால் ரூத்தின் பெயரைச் சங்கத்திலிருந்து அடித்துவிடுவது என்ற முடிவோடுதான் பதிவேட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“அப்பன் நம்மைச் சுடுவேங்கிறான், மக நம்ம சங்கத்துலயே சேர்றா. என்ன குடும்பமோ” என்றாள் மார்ஜரி. “நம்மள்ல யாரோ ஒருத்தர் பண்ணைக் கேட்டைச் சாத்தாம வந்துட்டாங்களாம், அறுபது ஆடு ரோட்டுக்கு ஓடிடுச்சாம். அதுக்குப் பதினஞ்சு வருஷமா துப்பாக்கி.”

“அந்த யாரோ நீதானே?” என்றார் டெரெக்.

மார்ஜரி ஒரு மண்வெட்டி பனியை அவர் காலடியில் கொட்டினாள்.

“ரூத் ஞாயித்துக்கிழமை எனக்கு போன் பண்ணினா” என்றார் கிளிஃபர்ட். “பாதையை வெட்டிவிட ஆள் வேணுமாம். உங்கப்பனையே வெட்டச் சொல்லுன்னேன். மேற்கொண்டு என்னமோ சொல்ல வந்தா, வச்சுட்டேன்.” அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பாதை திறந்தது.

பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுப் புகைபோக்கியும் புகைந்துகொண்டிருக்க, ஆல்டர்சன் வீட்டில் மட்டும் புகை இல்லை. நாய் வாசலில் சுருண்டு கிடந்தது, தலையைத் தூக்கிப் பார்த்ததே தவிர குரைக்கவில்லை. மாடி ஜன்னல் அகலத் திறந்திருந்தது. திரைச்சீலை விறைத்துப் பலகைபோல நின்றது.

டெரெக் சட்டென்று குனிந்தார். “அங்கேயிருந்துதான் குறி பார்க்கிறான்.”

ரூத் கம்பளிக் கோட்டும் கையுறையுமாகக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். வீட்டுக்குள்ளிருந்தும் வெளிக்குளிர்தான் வந்தது.

“உங்கப்பன் எங்கே?” என்றார் கிளிஃபர்ட்.

“மாடியில இருக்கார்.”

“துப்பாக்கி?”

“பீரோவுல பூட்டியிருக்கு. அவர் இறங்கி வரமாட்டார். பயப்படாதீங்க.”

பன்னிரண்டு தொலைநோக்கிகளும் மேல்வயலைத் துழாவின. சுவர் இருந்தது, பனி இருந்தது. ஓர் இறகு, ஓர் எச்சம், ஒரு காலடித்தடம் கிடையாது.

கிளிஃபர்ட் கால் மணி நேரம் பார்த்தார். கடைசியில் தொலைநோக்கியை இறக்கியபோது, கண்ணில் நீர் வந்ததற்குக் காற்றுதான் காரணம் என்று அவரே நினைத்துக்கொண்டார்.

“ஆந்தை எங்கே?”

“ஆந்தை இல்ல.”

“பறந்துபோச்சா?”

“வரவே இல்ல. பொய் சொன்னேன்.”

“காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களாடி?” என்று மார்ஜரி கையுறையைக் கழற்றிக் கொப்புளத்தைக் காட்டினாள். “மூணு மணி நேரம். பாரு கையை.”

“அப்போ பாதை வெட்ட எங்களைக் கூலிக்காரங்களாக்கிட்டே” என்றார் கிளிஃபர்ட். பதிவேட்டை எடுத்து, உறுப்பினர் பக்கத்தைத் திருப்பி, அவள் பார்க்கவே பென்சிலால் அவள் பெயரை அடித்தார். காகிதம் கிழிந்தது. “ஆள் வேணும்னா கேட்டிருக்கணும். மனுஷங்க மாதிரி கேட்டிருக்கணும்.”

“கேட்டேனே. ஞாயித்துக்கிழமை. முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள வச்சுட்டீங்க.”

கிளிஃபர்ட் பென்சிலைப் பைக்குள் போட்டார். அது பைக்குள் போகாமல் பனியில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

“பேரை அடிச்சாச்சா?” என்றாள் ரூத்.

“அடிச்சாச்சு.”

“சரி. அப்போ கழுத்துல இருக்கிறதையெல்லாம் கழற்றி வச்சுட்டு, ஆறு பேர் மாடிக்கு வாங்க.”

“எதுக்கு?”

ரூத் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பாவை அடக்கம் பண்ணணும்.”