மடியில் ஒரு கூடை செர்ரி

“எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க! கூச்சப்படாதீங்க!”

ஐனோவின் மடியிலிருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ தன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி, பக்கத்து சீட் ஓஸ்வால்டோ பஸ் முழுக்க செர்ரிப் பழத்தை அள்ளி விட்டுக்கொண்டிருந்தார்.

ஐனோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஐயா, அது என்னோடது இல்ல...”

அவளுடைய அரைகுறை ஸ்பானிஷ் யார் காதிலும் விழவில்லை.

பின்லாந்துப் பெண். ஒரு வருஷப் படிப்புக்காக சிலி நாட்டு சாந்தியாகோவுக்கு வந்தவள். வகுப்பு விட்டால் அறை, அறை விட்டால் வகுப்பு. பேசினால் தப்பாகிவிடுமோ என்று வாயைத் திறப்பதே இல்லை. மூன்று மாதத்தில் ஒரு சிநேகிதி கிடையாது. கிறிஸ்துமஸோடு மூட்டை கட்டிவிடலாம் என்று விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா எல்வீராதான் விடவில்லை.

“சனி ஞாயிறு முழுக்க ரூமுக்குள்ள அடைஞ்சு கெடந்து என்னத்தம்மா கண்ட? மலையைத் தாண்டினா மெண்டோசா. அர்ஜென்டினாவையும் பாத்த மாதிரி ஆச்சு. என் அக்கா வீடு இருக்கு, போயிட்டு வா.”

அக்கா நெலிடா நன்றாகத்தான் கவனித்தாள். கிளம்பும்போது கூடை நிறைய செர்ரியைக் கொடுத்தாள்.

“எங்க வீட்டு மரத்துப் பழம். என் தங்கச்சிக்கு. கீழ டிக்கியில போட்டுடாத, மடியிலேயே வெச்சுக்கோ. மூடாத, காத்தாடட்டும்.”

ஐனோ அப்படியே செய்தாள். மலை ஏறும்வரை ஒரு பழத்தைத் தொடவில்லை. நம்பிக் கொடுத்த பொருள் அல்லவா!

எல்லைச் சுரங்கப்பாதைக்குக் கொஞ்சம் முன்னால்தான் வினை வந்தது. பஸ் உதவியாளன் எழுந்து குரல் கொடுத்தான்.

“சிலி சுங்கம் வரப்போகுது! பழம், கறி, சீஸ் எது இருந்தாலும் இப்பவே தின்னு தீர்த்துடுங்க. ஒரு கொட்டைகூட உள்ள விட மாட்டாங்க. மாட்டிக்கிட்டு அபராதம் கட்டினா என்னைத் திட்டக் கூடாது!”

ஐனோவின் முகம் வெளுத்துவிட்டது. ஓஸ்வால்டோ கூடையைப் பார்த்தார்.

“ஏம்மா, இத்தனையும் நீ ஒருத்தியாவா திங்கப் போற?”

“இல்ல... ஒருத்தங்களுக்குக் கொண்டு போறேன்.”

“யாருக்கு, சுங்க அதிகாரிக்கா?”

பஸ்ஸே சிரித்தது.

“அதுவும் சிலிக்கு செர்ரி! அங்க இல்லாத செர்ரியா? குடு இப்படி.”

அவ்வளவுதான். கூடை பறந்துவிட்டது.

கைக்குழந்தைக்காரி இரண்டு பிடி அள்ளினாள். டிரைவருக்கு ஒரு பங்கு போனது. பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, ஐனோவின் கையில் ஒரு கொத்தைத் திணித்தாள்.

“உன் பழத்தை நீ திங்காம அழுதுக்கிட்டு இருந்தா எப்படி? ஏய்... உன்னைப் பாத்திருக்கேனே! எங்க காலேஜ் நூலகத்துல ஜன்னல் ஓரமா உம்முனு உக்காந்திருப்பியே, நீதானே?”

“உம்முனு இல்ல. எனக்குப் பேச வராது.”

“இப்ப என்ன பண்றியாம்?”

ஐனோ தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். ஒரு பழத்தை வாயில் போட்டாள். அப்படி ஒரு இனிப்பு.

அந்தப் பெண்ணின் பெயர் பௌலினா. ஓஸ்வால்டோவை எழுப்பிப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். விரட்டப்பட்ட ஓஸ்வால்டோ, கோபமே இல்லாமல், கசக்கும் மாத்தே தேநீரை ஊற்றி நீட்டினார். ஐனோ வாங்கும்போதே நன்றி சொன்னாள்.

“அட, நன்றின்னா போதும்னு அர்த்தம்மா! ஒரு வாய் குடிக்கறதுக்குள்ள போதுமா?”

மறுபடி சிரிப்பு. ஐனோ தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டே வந்தாள். யாரும் தப்பைக் கண்டுகொள்ளவில்லை. “கொட்டையை ஒழுங்கா இந்தப் பையில துப்புங்கய்யா!” என்று உதவியாளன்தான் கத்திக்கொண்டிருந்தான்.

சுங்கச் சாவடியில் மோப்ப நாய் காலிக் கூடையை முகர்ந்துவிட்டு ஏமாந்து போனது. “இதுல என்ன இருந்தது?” என்று அதிகாரி கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிவந்த நாக்கை நீட்டிக் காட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் ஐனோவுக்குக் காலிக் கூடை உறைத்தது. எல்வீரா கதவைத் திறந்தாள்.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா. உங்க அக்கா உங்களுக்குன்னு ஒரு கூடை செர்ரி குடுத்தாங்க. பஸ்ல எல்லாரும் தின்னுட்டாங்க. நானும்...” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நானும் தின்னேன்.”

எல்வீரா அவள் கையைப் பார்த்தாள். ஐனோவின் கையிலிருந்த போன் விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது.

“யாரது?”

“பௌலினா. நாளைக்கு மத்தியானம் அவகூட சாப்பிட வரணுமாம். வியாழக்கிழமை அவளோட பிறந்த நாளாம். வராம இருந்தா ரூமுக்கே வந்து இழுத்துட்டுப் போவாளாம்.”

“போயிட்டு வா.”

“ஆனா உங்க அக்கா ஏம்மா அப்படிப் பண்ணாங்க? எல்லையில பழத்தை விட மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?”

எல்வீரா காலிக் கூடையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“தெரியாம என்ன? பொறந்ததுலேர்ந்து மெண்டோசாவுலதான் இருக்கா. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். ‘வந்து மூணு மாசமாச்சு, இந்தப் பொண்ணு யார்கிட்டயும் பேச மாட்டேங்கறா. ஒரு கூடை பழத்தை மடியில வெச்சு பஸ் ஏத்தி விடுக்கா’ன்னு.”