ஒரே மட்டத்தில் ஒரு சுரம்

விளாங்குடிக் கல்யாணக் கச்சேரி மேடையில் நின்றாலும் ஹாலாஸ்யத்துக்கு மனசெல்லாம் வீட்டில்தான் இருந்தது. காலையிலிருந்து வயிற்றில் குழந்தை அசையவில்லை என்று நிறைமாத மனைவி வாலாம்பாள் சொல்லியிருந்தாள். தனக்குப் பதிலாக வேறொருவர் வாசிக்கப்போகும் தன் பேஸ் கிட்டாரைச் சரிபார்த்துக் கொடுத்ததும், அவளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஷாக் அடிக்கிறதா என்று புறங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீட்டினார். முதலில் சுரம் தெளிவாக வந்தது. பிறகு தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது.

“சின்னச்சாமி, வால்யூமைக் குறைப்பா.”

“குறைச்சுட்டேண்ணே,” என்றான் மைக் செட்காரன் சின்னச்சாமி.

மெல்லத் தொட்டாலும் ஓங்கி இழுத்தாலும் சத்தம் ஒரே மட்டத்தில் வந்தது. கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினார். நிற்கவில்லை.

சின்னச்சாமி பிளக்கையே பிடுங்கிவிட்டான்.

“இதுக்கு மேல எம்புட்டுக் குறைக்க? சத்தமே இல்லையேண்ணே.”

ஹாலாஸ்யத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கிட்டாரை நாற்காலியில் கிடத்திவிட்டு சைக்கிளை எடுத்தார். தூரம் போகப் போக அந்தச் சத்தம் தேய்ந்திருக்க வேண்டும். தேயவில்லை. லாரி ஹாரனுக்கு அடியிலும் அதே மட்டத்தில் கேட்டது. வீடிருந்த காளவாசல் வருவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

வாலாம்பாள் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள்.

“ஏன்னா, அசைய ஆரம்பிச்சுடுத்து. கையை வெச்சுப் பாருங்கோ.”

அவர் வயிற்றில் கைவைத்தார். காதில் கேட்ட சத்தம் சட்டென்று நின்றது. விரல்களுக்கு அடியில் கிட்டார்க் கம்பியின் அதே அதிர்வு, கூடாமல் குறையாமல், ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு நிமிஷம் நிக்கலை, பாருங்கோ,” என்று அவள் பூரித்துப்போனாள்.