துடைத்ததும் போன பூக்கள்

பெட்டி மூடியில் இருந்த இரண்டு சிவப்புப் பூவும் அழிந்துபோயின.

எனாமல்காரர் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். சிவப்பு. மூடியைப் பார்த்தார். பூ இருந்த இடத்தில் செம்புத் தகடு பல்லைக் காட்டியது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனாமல் என்ன சுண்ணாம்புப் பூச்சா? கண்ணாடியைப் பொடியாக அரைத்து, தகட்டில் நிரப்பி, உலையில் உருக்கி ஒட்டவைப்பது. தலைகீழாக நின்று துடைத்தாலும் போகாது. அதிலும் இது பழைய நகைப்பெட்டி. ஒவ்வொரு இதழுக்கும் மெல்லிய கம்பியால் வேலி கட்டி, சிவப்புக்குத் தங்கம் சேர்த்த காலத்து வேலை. பக்கத்து நீலப் பூக்கள் கல் மாதிரி இருந்தன. சிவப்பு மட்டும், பெயின்ட் கரைக்கும் தின்னர் தொட்டு ஒரு தடவை துடைத்ததும் கிளம்பிவிட்டது.

பெட்டியைக் கொடுத்த அம்மாள் கீல் மாற்றத்தான் கொடுத்திருந்தார். சாயங்காலம் வருவார். கீலுக்கே ஏழு குற்றம் சொல்லிக் கொடுத்தவர்.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது மருமகள். பூ போய்விட்டது என்றதும் போனை வைத்தவள், மூச்சிரைக்கப் பட்டறைக்கே வந்து நின்றாள்.

"ஐயா, அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றார். அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். அலமாரியைத் துடைக்கும்போது கை தவறிப் போட்டுவிட்டாளாம். இடது பக்கப் பூ தெறித்துவிட்டது. பயத்தில் நெயில் பாலிஷை எடுத்துப் பூசி மூடிவிட்டாள்.

"வலது பக்கப் பூ?"

"அது எனக்குத் தெரியாது. சத்தியமா."

எனாமல்காரருக்குப் பாதி உயிர் வந்தது. போனது தன் கையால் இல்லை. ஆனால் பெண் விடவில்லை.

"ஒண்ணுதாங்க புரியலை. நான் பூசினது ரோஸ். பார்க்கவே சகிக்கலை. மறுநாள் பார்த்தா நல்ல சிவப்பா, ஓரம் பிசகாம இருக்கு. காஞ்சா அப்படித்தான் ஆகும்போலன்னு விட்டுட்டேன்."

எனாமல்காரர் தலையைச் சொறிந்தார். எனாமல் பொடி உலைக்குள் போனால் நிறம் மாறும், சரி. நெயில் பாலிஷ் அலமாரிக்குள் இருந்துகொண்டே மாறுமா?

"அந்த வீட்டுல இப்பத்தான் எனக்குக் கால் ஊனியிருக்கு. இது தெரிஞ்சா அத்தை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. எப்படியாவது தீட்டிடுங்க ஐயா."

அவள் தெரு திரும்பியிருக்க மாட்டாள், மாமனார் உள்ளே வந்தார். போனில் பேசியது காதில் விழுந்ததாம். கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

வலது பக்கப் பூ அவர் கைங்கரியம். ஜன்னல் அடிக்காமல் இருக்க நகைப்பெட்டியை முட்டுக் கொடுத்திருக்கிறார் மனிதர். காற்று அடித்தது. பூ போனது. மெழுகில் சிவப்பு மையைக் குழைத்து அப்பிவிட்டார்.

"அப்பினப்போ சொறி பிடிச்ச மாதிரி இருந்தது தம்பி. காலையில பார்த்தா அச்சு அசல். என் கைக்குள்ள இப்படி ஒரு வித்தை இருக்கான்னு எனக்கே ஆச்சரியம்."

"மெழுகா? பஞ்சுல வந்தது மெழுகு இல்லையே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரிக்குத் தெரியாம இருந்தா சரி. ஸ்பூன் இடம் மாறினாலே வீட்டை ரெண்டாக்குறவ."

அவரும் போனார். எனாமல்காரருக்குக் கிறுகிறுத்தது. பூசினது ரோஸ், வந்தது சிவப்பு. அப்பினது மெழுகு, வந்தது பாலிஷ். உலையில் வைத்துச் சுடலாமென்றால், இரண்டு பூவுக்காக மூடி முழுவதும் கலங்கிவிடும். கடையில் போய் நாலு சிவப்பு நெயில் பாலிஷ் புட்டி வாங்கிவந்து பார்த்தார். ஒன்றும் அந்தச் சிவப்பாக இல்லை.

அதற்குள் அந்த அம்மாளே வந்துவிட்டார். நேரம் வேறு முன்னாடி.

மூடியைப் பார்த்தார். பூ இருந்த இடத்தை விரலால் தடவினார்.

எனாமல்காரருக்கு அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. "என் கைப்பிசகும்மா. தின்னர் கொஞ்சம் அதிகமாயிடுச்சு. வேற யாரும் காரணமில்லை."

"கீல் போடக் குடுத்தா கீலைப் போடணும். மூடியைத் துடைக்க உங்களை யாரு கேட்டா?"

"தப்புதான்."

"ரெண்டு பேரும் வந்து அழுதுட்டுப் போயாச்சா, இல்லை ஒருத்தர்தான் வந்தாங்களா?"

எனாமல்காரர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ராத்திரி தூங்காம உருண்டுட்டிருந்தா. இவரு ரெண்டு நாள் என் முகத்தையே பார்க்கலை. பெட்டிதானே போச்சு. அவங்க கேட்டா நீங்க தீட்டினதாச் சொல்லிடுங்க. நான் எதையும் பார்க்கலை."

கைப்பையைத் திறந்து, பாதி தீர்ந்த சிவப்புப் புட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூலை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓரம் பிசகாமல் அந்த இரண்டு பூவையும் மறுபடி சிவக்க வைத்தார் மாமியார்.