பிடி விட்ட கை

"கத்தியா, துப்பாக்கியா?" பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டும் இல்ல சார். வெறும் கைதான்" என்றாள் நர்ஸ். முழங்கையில் சிராய்ப்பு, தலையெல்லாம் மண். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மணி மூன்றே கால்.

"பையில என்ன, நகையா?"

"வேலை ஆர்டர் சார். சர்டிஃபிகேட் எல்லாம் ஒரிஜினல். அஞ்சு மணிக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில போய்ச் சேரலேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ஏழு வருஷமா காத்துக்கிட்டிருந்த வேலை சார்."

பக்கத்து நாற்காலியிலிருந்த கணவன் அவள் தோளைத் தொட்டான். போன் வந்ததும் அடித்துப் பிடித்து ஓடி வந்தவன். அழுதவன் மாதிரி தொண்டை கட்டிப் போயிருந்தது.

"போனது போகட்டும்மா. அந்த வேலை இல்லேன்னா என்ன? உனக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும். வீட்டுக்குப் போலாம் வா."

"நீங்க சும்மா இருங்க. சார், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற சந்து. மழைக்கோட்டு, கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரைக்கும் துணி. பின்னாலேர்ந்து வந்து பையை இழுத்தான். திரும்பி, காலை வாரி விட்டுட்டேன்."

"நீங்களா?"

"ஒரு வருஷமா ஜூடோ கத்துக்கறேன் சார். விழுந்தவனை எழுந்திருக்க விடல. பின்னால உட்கார்ந்து கழுத்தைச் சுத்திக் கையைப் பூட்டுப் போட்டுட்டேன்."

"அட! ஆள் கையில கிடைச்சாச்சு. அப்புறம் எப்படி ஓடினான்?"

அவள் தலை கவிழ்ந்தது. "நான்தான் விட்டுட்டேன்."

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த எழுத்தர் சிரித்துவிட்டார். "இந்த கிளாஸெல்லாம் மெத்தை போட்ட ரூம்லதான் மேடம். தெருவுல செல்லாது."

"செல்லுச்சு சார்! செல்லாமலா அவன் கீழ கிடந்தான்? என் கையில ரெண்டு தட்டு தட்டினான். கிளாஸ்ல தட்டினா, தோத்துட்டேன்னு அர்த்தம். அந்த நொடியே விட்டுடணும். ஆயிரம் தடவை பழகின கை. வேணாம்னு புத்தி சொல்றதுக்குள்ள அதுவா விட்டுடுச்சு."

"திருடனுக்கும் மரியாதை!" என்றார் எழுத்தர்.

கணவன் எழுந்துவிட்டான். "இதை எழுதிக் குடுத்தா ஊரே சிரிக்கும். வா, போலாம்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்மா எனக்கு. கழுத்தைப் பிடிச்சா பிராண்டுவான், கடிப்பான், கண்ணுல விரலை விடுவான். தட்டினவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்ல. தட்டினா நீங்க விட்டுடுவீங்கன்னு அவனுக்கு யார் சொன்னது?"

டைப் சத்தம் நின்றது.

"உங்க கிளாஸ் பசங்கள்ல எவனாவது...?"

"பசங்களே கிடையாது சார். லேடீஸ் பேட்ச். மாஸ்டரும் லேடிதான்."

"வந்தவன் ஆம்பளைதானே?"

"ஆம்பளைதான் சார். அதுல சந்தேகமே இல்ல."

"சரி. கிளாஸுக்கு வெளிய இந்தப் பிடியை யார்கிட்ட பழகிப் பார்ப்பீங்க?"

சட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தவள், மெதுவாகத் திரும்பினாள். வாசலருகே போய்விட்ட கணவன், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். காலரைக் கழுத்தோடு இழுத்து மூடினான்.

"வீட்ல, இவர் கழுத்துலதான் சார்."