முட்டைக்கா, கறிக்கா?

தீவனக் கடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "முட்டைக்கா, கறிக்கா யக்கா?" என்று கேட்டார். அமலி வளர்ப்பது மூன்று கிழட்டுக் கோழிகள். நான்கு மாதமாக ஒன்றுகூட முட்டையிடவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள முட்டை வரலன்னா மூணும் சட்டிக்குத்தான்" என்று அவள் கணவன் சேவியர் சொல்லியிருந்தான். சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று ஊரில் பெயரெடுத்தவன் அவன்.

"சும்மா உயிரோட இருக்கறதுக்கு ஏதாச்சும் தீவனம் இருக்கா?"

"அதுக்குன்னு எந்தக் கம்பெனிக்காரனும் போடலையேக்கா!"

அமலி முட்டைத் தீவனத்தையே வாங்கினாள். வழியில் இரண்டு நாட்டு முட்டைகளையும் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிறு விடியலில் அந்த முட்டைகளை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டு போய் அவள் கூட்டைத் திறந்தபோது, வைக்கோலில் ஏற்கனவே ஒரு முட்டை இருந்தது. கடைகளில் அட்டையில் அடுக்கி விற்பதைப்போல வெள்ளை வெளேரென்று இருந்தது. விருந்தாளியைப் பார்ப்பதுபோலக் கோழிகள் தள்ளி நின்று அதைப் பார்த்தன. அமலி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை அவிழ்த்துத் தன் பழுப்பு முட்டைகளை அதன் இருபுறமும் வைத்தாள்.

சேவியர் காப்பியை ஆற்றியபடி, "என்ன, ஏதாச்சும் வந்துச்சா?" என்றான்.

"மூணு."

"மூணா?" ஆற்றிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"நல்ல தீவனந்தான்," என்றான் கடைசியில். "தீந்துபோச்சுன்னா சொல்லு, இதையே வாங்கிட்டு வரேன்."